அடுப்பிலே இருக்கு விஷயம்!

'பசுமைத் தொழில் ஆரம்பிக்கணும்' என்று ஆபீஸ் கேன்டீனில் திட்டம் போடும் தம்பிகளே, ஒருநாள் லீவு போட்டுவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறுங்கள்.

1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா நூல் மில் கண்ட ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் காதைப் பிளக்கிறது. நெய்வது பட்டா? இல்லை சார், பேண்டேஜ் துணி! உங்கள் பைக் வீரத்துக்குக் கட்டுப்போட்ட துணி இங்கே நெய்ததாகக்கூட இருக்கலாம்.

அடுத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளைச் சேவித்துவிட்டு பால்கோவா போடும் இடத்துக்குள் நுழைந்தேன். சுற்றுப்பட்டுப் பால், சர்க்கரை... அவ்வளவுதான் சரக்கு. 2019-ல் புவிசார் குறியீடே வாங்கியாச்சு!

என் கண் போனது சட்டிமேல் அல்ல, அடுப்புமேல். பால் சுண்டும்வரை தீ சீராக எரியணும். அத்தனைக்கும் விறகு என்றால்? மேற்கே தெரியும் மலைக்காடு 1988-ல் சாம்பல் அணிலுக்காகச் சரணாலயமானது. 2021 முதல் புலிகள் காப்பகம். அதிலே கை வைத்தால் தண்ணீர் போச்சு. தண்ணீர் போனால் புல், மாடு, பால், கோவா எல்லாம் போச்சு!

"முந்திரி ஓடு போடுறோம் சார். கழிவுதான், ஆனா நின்னு எரியும்" என்றார் அண்ணாச்சி, கிண்டுவதை நிறுத்தாமல். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புகைதான் தாங்கலை."

தம்பிகளே, குறித்துக்கொள்ளுங்கள். மரத்தையும் வெட்டாமல், அண்ணாச்சி கண்ணையும் கரிக்காமல் ஓர் அடுப்பு செய்து கொடுங்கள். அதுதான் அசல் பசுமைத் தொழில். முதல் ஆர்டர் இங்கேயே கிடைக்கும். அட்வான்ஸ் கோவாவாகக் கொடுத்தால் மறுக்காதீர்கள்!