ஒரு லோடுக்கு மட்டும்

தூத்துக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறை போட்ட சின்ன வெங்காயத்தை இந்தத் தடவை மண்டிக்குக் கொண்டுபோகாமல் நேரே கொழும்புக்கு ஏற்றப் போகிறாய் என்று படித்ததும் மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நம் பாடாலூரைத் தாண்டிப் போகிற கண்டெய்னர்களில் இனி நம்முடையதும் ஒன்று. ஆனால் கடைசி இரண்டு வரியில் எழுதியிருந்தாயே, ஏற்றுமதி செய்ய நீ வாங்கிய ஐஇசி எண்ணை ஒருவர் ஒரு லோடுக்கு மட்டும் கேட்கிறார், கமிஷனும் தருவாராம் என்று. கொடுக்காதே தம்பி. அதற்காகத்தான் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

"எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணித்தானே விடுவாங்க" என்று அவர் உன்னிடம் சொன்னது தப்பு. எந்தப் பெட்டியை ஸ்கேனருக்கு அனுப்புவது என்பதைச் சுங்கத் துறையின் கம்ப்யூட்டர், ஏற்றுமதி செய்பவர், சரக்கு, போகிற நாடு எல்லாம் பார்த்துத் தீர்மானிக்கிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்வது அமெரிக்காவுக்கே முடியவில்லை. தன் நாட்டுக்கு வருகிற எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் செய்தே தீரவேண்டும் என்று அது 2007-ல் சட்டம் போட்டது. 2012-ல் நடப்புக்கு வந்திருக்க வேண்டியது, தள்ளித் தள்ளிப் போகிறது.

இன்னொன்று, ஸ்கேனர் பொருளின் பெயரைச் சொல்லாது. ஆஸ்பத்திரி எக்ஸ்-ரே சுமார் ஒரு லட்சம் வோல்ட்டில் ஓடும். கண்டெய்னர் ஸ்கேனரின் கதிருக்கோ பெரும்பாலும் 60 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் சக்தி. முப்பது சென்டிமீட்டர் இரும்பைக்கூட ஊடுருவிவிடும். இரண்டு சக்தியில் மாற்றி மாற்றிக் கதிரை விடுகிற கருவி, இது இரும்பு, இது மரம் மாதிரியான லேசான வகை என்று பிரித்துக் காட்டும். ஆனால் வெங்காயம், துணி, போதைப்பொருள் மூன்றும் அந்த லேசான வகைதான். திரைக்கு முன்னால் இருக்கும் அதிகாரி பார்ப்பது ஒழுங்கை. மூட்டைகள் ஒரே சீராக அடுக்கியிருந்தால் படமும் ஒரே சீராக வரும். நடுவில் ஒரு இடம் கறுத்தால், பெட்டியின் தரை தடித்திருந்தால், படத்தையும் சரக்கு விவரம் எழுதிய ஷிப்பிங் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கடத்தல்காரர்கள் ஏற்றுகிற செம்மரம் தண்ணீரில் மூழ்குகிற அளவுக்குக் கனமான மரம். வேறு பெயரில் ஏற்றினால் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.

2021 செப்டம்பரில் முந்த்ரா துறைமுகத்தில் பிடிபட்ட 2,988 கிலோ ஹெராயினை நினைத்துப் பார். டால்க் கல் என்று கணக்கு. பெரிய பைகளில் மேலே கல், அடியில் ஹெராயின். வருவாய்ப் புலனாய்வுத் துறைக்குத் துப்பு கிடைத்துத்தான் மாட்டியது. அதே வருஷம் ஏப்ரலில் இங்கே நம் தூத்துக்குடியிலேயே, மரத்தடி ஏற்றி வந்த பெட்டியில் 300 கிலோவுக்கு மேல் கொக்கைன். பிடிபட்ட அன்றைக்கு முதலில் தேடுவது காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்றுதான். ஐஇசி எண் என்பது இப்போது உன் பான் எண்ணேதான். கொடுத்தால் உன்னையே கொடுத்த மாதிரி.

வெங்காயம் கதிர் பட்டுக் கெட்டுப்போகுமா என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். கெடாது. முளைக்காமல் இருக்க வெங்காயத்துக்கு மகாராஷ்டிராவின் லாசல்காவில் வேண்டுமென்றே காமா கதிர் கொடுக்கிறார்கள். ஸ்கேனரில் படுவது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. கெடுவதென்றால் காத்துக்கிடந்துதான் கெடும். அதனால் எடை, மூட்டைக் கணக்கு இரண்டும் பில்லோடு அச்சாகப் பொருந்த வேண்டும். லோடு ஏற்றும்போது நீயே கூட நில். வேறு யாருடைய "சின்ன பார்சலும்" உள்ளே போகக் கூடாது. கதவு சாத்தி சீல் போட்டதும் சீல் எண்ணை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஏற்றுகிற வாரத்தில் தடை ஏதும் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுக்கொள். 2023 டிசம்பர் 8 முதல் 2024 மே 4 வரை ஏற்றுமதித் தடையால் வெங்காயமே கடத்தல் சரக்காக இருந்ததை நீ மறந்திருக்க மாட்டாய்.

அந்த மனிதருக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லச் சங்கடமாக இருந்தால் என் மேல் போடு. அக்கா கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் இருக்கிறாள், அவளைக் கேட்காமல் எதையும் தரமாட்டேன் என்று சொல். அப்படியும் விடாமல் வந்தால் அவர் நம்பரை எனக்கு அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா