காரமே இல்லடா செல்லம்!

நாலு வயசுப் பையனை ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போன அனுபவம் உண்டா பாஸ்? இல்லேன்னா கவலைப்படாதீங்க, அடுத்த செமஸ்டர் லீவுல அக்காவோ அண்ணனோ உங்க தலையில் கட்டிடுவாங்க. அதுக்கு முன்னாடி என் கதையைக் கேட்டுக்கங்க. ஹீரோ, என் அக்கா பையன். வில்லன்... வேற யாரு, நான்தான்!

எங்க ஊர் மதுரை. கறிதோசை, பன் பரோட்டான்னு நாக்கு நீண்ட ஊர். இங்கே பொறந்துட்டு இந்தப் பய சாப்பிடறது மொத்தமே மூணு ஐட்டம். சர்க்கரை தொட்டு இட்லி, சர்க்கரை தொட்டு தோசை, தயிர் சாதம். கவனிச்சீங்களா? எல்லாமே வெள்ளை! தயிர் சாதத்துல ஒரு கடுகு தட்டுப்பட்டாலும் 'பூச்சி!'ன்னு தட்டைத் தள்ளிடுவான். ஜூன்ல ஸ்கூல்ல சேர்க்கணும், மதியம் என்னத்தைச் சாப்பிடுவானோன்னு அக்காவுக்குத் தூக்கமே இல்லை. ''நான் இருக்கேன்ல!'' என்று நெஞ்சை நிமிர்த்தினேன். மூணு அரியரையே சமாளிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா?

ஞாயித்துக்கிழமை ராத்திரி, டவுன்ல ஒரு ஹோட்டல். கறிதோசை தெரியும்ல? கனமா ஊத்தின தோசை மேல முட்டை, அதுக்கு மேல கொத்துக்கறி மசாலா பரப்பி, திருப்பிப் போட்டு எடுப்பாங்க. அதுல ஒரு ஓரத்தைப் பிச்சு, அவனோட சர்க்கரை தோசைக்குள்ள மடிச்சு ஒளிச்சு வெச்சேன்.

''உள்ள என்ன மாமா?''

''ஒண்ணுமில்லடா.''

''காரமா?''

''காரமே இல்லடா செல்லம்!''

நம்பி வாயைத் திறந்தான். அந்த ஒரு செகண்டை நினைச்சா இப்பவும் எனக்கு என்னவோ பண்ணுது.

ஒரே அலறல். மொத்த ஹோட்டலும் திரும்பிப் பார்த்துச்சு. அக்கா பதறிப்போய் தண்ணியைக் கொடுக்க, அலறல் இன்னும் ஏறிடுச்சு. ''தண்ணி வேணாம் தம்பி, தயிரைக் குடுங்க'' என்று ஒரு கப்பை நீட்டினார் சப்ளையர் அண்ணன். மிளகாயில எரிச்சலைக் கிளப்புற கேப்சைசின் தண்ணியில சரியாக் கரையாதாம். பால், தயிர்ல இருக்கிற கேசின்ங்கிற புரதம்தான் அதைப் பிடிச்சுக்கிட்டுப் போகுமாம். பி.இ. படிக்கிறவனுக்குத் தெரியலை, அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு!

காரம் கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு. மேட்டர் அடங்கலை. மறுநாள் காலையில பய இட்லியைப் பிட்டு உள்ளே பார்க்கிறான். தயிர் சாதத்தை விரலால கிளறுறான். தோசை வேணவே வேணாம்னுட்டான். மூணு ஐட்டம் இப்போ ரெண்டு! ''உள்ள என்னம்மா வெச்சிருக்க?'' என்று அவன் கேட்டது அக்காகிட்ட. பொய் சொன்னது நான். அக்கா என்னைத் திட்டவே இல்லை. அதைத்தான் தாங்க முடியலை.

அரியர் பேப்பருக்குக்கூட அப்படிப் படிச்சதில்லை, உட்கார்ந்து படிச்சேன். ரெண்டு வயசுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் புதுச் சாப்பாட்டைப் பார்த்து மிரள்றது ரொம்ப சகஜமாம். லியான் பிர்ச்னு ஓர் அமெரிக்க உளவியல் ஆய்வாளர். அவரும் அவர்கூட இருந்தவங்களும் ரெண்டு வயசுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத சீஸ், பழம் எல்லாம் திரும்பத் திரும்ப ருசி காட்டியிருக்காங்க. சிலதை 20 தடவை வரைக்கும்! எதை அதிக தடவை ருசிச்சாங்களோ, அதையே குழந்தைங்க அதிகம் விரும்பி எடுத்தாங்களாம். 1982-ல வந்த ஆய்வு இது. நாம ரெண்டு தடவை துப்பினாலே, 'இவனுக்குப் பிடிக்காது'ன்னு முத்திரை குத்திடறோம்.

இன்னொண்ணு, 'சாப்பிட்டா ஐஸ்க்ரீம்' டெக்னிக். 1984-ல இவங்களே வெளியிட்ட ஆய்வுல, ஒரு பால் பானத்தைக் குடிச்சா பரிசுன்னு சொல்லிக் கொடுத்ததும், அந்தப் பானத்து மேலேயே குழந்தைகளுக்குப் பிடித்தம் குறைஞ்சு போச்சாம். லஞ்சம் கொடுத்துச் செய்யச் சொல்ற வேலை நல்ல வேலையா இருக்காதுன்னு அந்த வயசுலேயே புரியுது பாருங்க!

அடுத்த ஞாயிறு மறுபடி அதே ஹோட்டல். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி, ஏழு மணிக்கே. அவனுக்கு அவனோட இட்லி-சர்க்கரை முதல்லயே வந்துடும். அப்புறம் மேசைக்கு நடுவுல ஒரு சின்னத் தட்டு. யார் வேணா எடுக்கலாம், பிடிக்கலைன்னா டிஷ்யூல துப்பிடலாம். முதல் வாரம் ஆப்பம். வெள்ளைங்கிறதால நடுப்பகுதி மட்டும் உள்ளே போச்சு. இடியாப்பத்தை மோந்து பார்த்ததோட சரி. ''நாலு போடு போட்டா தின்னுட்டுப் போறான்'' என்று பக்கத்து மேசைப் பெரியவர் ஒருத்தர் இலவச அட்வைஸ் கொடுத்தார். நிஜமாவே கஷ்டம் எது தெரியுமா? 'ஒரே ஒரு வாய்டா'ன்னு சொல்லாம உட்கார்ந்திருக்கிறதுதான். நாலு வாரம் நாக்கைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அஞ்சாவது வாரம், என் தட்டுல கறிதோசை. பய ரொம்ப நேரமா அதையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்.

''மாமா... இது காரமா?''

''ஆமாடா. காரம்தான்.''

கொஞ்சம் யோசிச்சான். ''தயிர் இருக்கா?''

சப்ளையர் அண்ணன் சத்தமில்லாம ஒரு கப்பை அவன் பக்கம் நகர்த்தி வெச்சார். பொட்டு அளவுக்கு ஒரு துணுக்கை அவனே பிச்சு நாக்கு நுனியில வெச்சான். 'உஸ்ஸ்...' உடனே ஒரு வாய் தயிர். கொஞ்ச நேரம் கழிச்சு, இன்னொரு துணுக்கு.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தா. மேசைக்கு அடியில அவ காலை மிதிச்சேன்.