ஹெட்லைட்டும் பள்ளிக்கூடச் சுவரும்

போன வருஷம் இதே பக்கத்தில் ஒரு பெருமை அடித்திருந்தேன். என் பழைய பிக்கப் வண்டிக்குப் பேரன் கோயம்புத்தூரிலிருந்து வெள்ளை எல்.இ.டி. பல்பு வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தான், இப்போது ராத்திரி பகல் போல இருக்கிறது என்று. அதைப் படித்துவிட்டு யாராவது வாங்கிப் போட்டிருந்தால், தயவுசெய்து இதையும் படித்துவிடுங்கள்.

ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கிளாவரையோடு தார்ச்சாலை முடிகிறது. அதற்கு அப்பால் கேரளாவுக்கு நடைபாதைதான். இந்தப் பக்கம் பூண்டி, கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை என்று 40 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து கொடைக்கானல் போக வேண்டும். அங்கிருந்து மலையிறங்கி, காட்ரோடு வழியாக வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கு விடியும் நேரத்தில் சேர வேண்டுமென்றால் நடுராத்திரியே கிளம்பியாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு என் தோட்டத்துப் பூண்டையும், அக்கம்பக்கத்தார் மூட்டைகளையும் நானே கொண்டுபோவது வழக்கம். டிரைவர் வைத்தால் கட்டுப்படியாகாது. அதுவும் போக, எனக்கு ராத்திரியில் ஓட்டப் பிடிக்கும்.

மாசி மாதம். இருபது மூட்டை ஏற்றியிருந்தேன், ஒரு டன். கவுஞ்சி தாண்டி ஒரு வளைவில் திரும்பினேன். எதிரே மேலேறி வந்த ஜீப் ஒன்று சட்டென்று ஒதுங்கியது. ஒதுங்கியது என்ன, இடது முன்சக்கரம் சாலையை விட்டே இறங்கிவிட்டது. நல்லவேளை, அங்கே பள்ளமில்லை, வாய்க்கால்தான். பத்தடி தள்ளியிருந்தால் எழுத எனக்குக் கை வராது.

இறங்கி ஓடினேன். ஓட்டி வந்தது என்னிடம் ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்த பையன். பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவன் பாட்டி, மடியில் எக்ஸ்ரே கவர். கொடைக்கானலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள்.

"சார், டிம் பண்ணக் கூடாதா?" என்றான்.

"டிம்லதானேப்பா வந்தேன்" என்றேன். உண்மைதான். டேஷ்போர்டில் நீல விளக்கு எரியவில்லை. அவன் தூக்கக் கலக்கத்தில் தடம் தவறிவிட்டு என்மேல் பழி போடுகிறான் என்றுதான் நினைத்தேன். அதைக் கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை.

"என் சீட்ல வந்து உட்கார்ந்து பாருங்க சார்."

உட்கார்ந்தேன். என் வண்டியைப் பார்த்தேன். வண்டி தெரியவில்லை, சாலை தெரியவில்லை, ஸ்டீயரிங்கில் இருந்த என் கையே தெரியவில்லை. கண்ணை மூடின பிறகும் இரண்டு பச்சை வட்டங்கள் நின்றன. நம் வயதில் எதிர்வெளிச்சம் பட்டால் பார்வை தெளிய இன்னும் நேரமாகும். அவன் இருபத்தைந்து வயதுக்காரன், அவனுக்கே அந்தக் கதி.

கயிறு கட்டி ஜீப்பை இழுத்துவிட்டோம். பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சந்தை வரைக்கும் கூடவே வந்தது.

மறுநாள் மூஞ்சிக்கல்லில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டேன். அவர் முதலில் கேட்டது, "எதுக்கு சார் எல்.இ.டி. போட்டீங்க?" பழைய பல்பு மஞ்சளாக மங்கலாக எரிந்தது என்றேன். அவர் மீட்டரை வைத்துக் காட்டினார். இன்ஜின் ஓடும்போது பாட்டரியில் 14 வோல்ட், ஹெட்லைட் ஹோல்டரில் 12-க்கும் கீழே. எர்த் வயர் துருப்பிடித்து, ஸ்விட்ச் முனை கருகி, நடுவில் இரண்டு வோல்ட் காணாமல் போயிருக்கிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுமாம். பல்பின்மேல் குற்றமே இல்லை. துருவைச் சுரண்டியிருந்தால் போதும்.

எல்.இ.டி. ஏன் கூடாது என்பதையும் சொன்னார். நம் வண்டிகளுக்கு வரும் ஹெச்4 பல்பில் இரண்டு இழை, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம் இழைக்கு அடியில் சின்னக் கிண்ணம் போல ஒரு தகடு இருக்கிறது. அது வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குப் போகவிடாமல் தடுப்பதால்தான், மேல்பாதியில் பட்டு எல்லாம் சாலையை நோக்கி இறங்குகிறது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கணக்கு கெட்டுப்போகும். அந்தக் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் அந்த இழைக்காகச் செய்தவை. அதற்குள் வேறு வடிவ விளக்கைச் செருகினால் வெளிச்சம் நாலாபக்கமும் தெறிக்கும். ஓட்டுகிறவனுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிவதால் அவனுக்கு இது உறைக்காது.

வெள்ளி உரிந்திருந்த இரண்டு ரிஃப்ளெக்டரையும் கண்ணாடியோடு மாற்றினோம். ரிலே வைத்து வயரிங் புதிது. பல்பு பழையபடி 60/55. கண்ணாடிக் குமிழில் விரல் படாமல் மாட்ட வேண்டும். விரல் எண்ணெய் ஒட்டிய இடம் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். நான் வேட்டி முனையால் பிடித்தேன், அவர் சிரித்தார்.

"மட்டம் வைக்கிறதை ஊர்ல போய் நீங்களே செய்யுங்க, இங்கே தரை சாய்வு" என்று அனுப்பிவிட்டார். கிளாவரையில் சமதரைக்கு எங்கே போவது! எல்லாம் படிக்கட்டு வயல், சரிவான தெரு. கடைசியில் பள்ளிக்கூட மைதானம்தான் கிடைத்தது. தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, கொத்தனாரைக் கூப்பிட்டு டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தோம். சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டி. விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 33 அங்குலம். சுவரில் அதே உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு, அதற்கு 3 அங்குலம் கீழே இன்னொன்று. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க் கோட்டில் நிற்க வேண்டும். 25 அடிக்கு 3 அங்குலம் என்றால் நூற்றுக்கு ஒன்று. அப்படியானால் 33 அங்குல உயரத்து வெளிச்சம் தரையைத் தொடுவது 275 அடியில். மலைச்சாலை வேகத்துக்கு அது தாராளம்.

பனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். ஒரு விளக்கைச் சாக்கால் மூடிவிட்டு, மற்றதன் பின்னால் உள்ள திருகுகளைத் திருகினேன். ஒன்று மேலும் கீழும், இன்னொன்று பக்கவாட்டில். இடது பக்கம் மட்டும் விளிம்பு கொஞ்சம் மேலேறி இருக்கும், அது சரிதான். நாம் இடப்பக்கம் போகிறவர்கள், ஓரத்தில் நடப்பவரும் காட்டுமாடும் தெரிவதற்காக அந்த ஏற்றம். கச்சிதமாக அமைந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து மூட்டை ஏற்றிய பிறகு ஏதோ உறுத்த, வண்டியை மறுபடி அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். விளிம்பு மேல் கோட்டையும் தாண்டி 7 அங்குலம் உயரத்தில் நின்றது! சுமையில் பின் ஸ்பிரிங் பட்டை நாலு அங்குலம் அமுங்கினால் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. அன்று அந்தப் பையன் கண்ணில் பட்டது எல்.இ.டி. மட்டுமல்ல, இந்த ஒரு டன் பூண்டும்தான். முப்பது வருஷம் கோணமும் முக்கோணமும் நடத்தியவன் நான். காலி வண்டியை நிறுத்தி மட்டம் பார்த்திருக்கிறேன்.

புதிய வண்டிகளில் சுமைக்குத் தக்கபடி விளக்கைத் தாழ்த்த ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. என் வண்டியில் இல்லை. யோசித்தேன். ராத்திரி போவது எப்போதும் சுமையோடு, திரும்புவது பகலில், காலியாக. அதனால் மூட்டையோடு நிறுத்தியே மட்டம் வைத்தேன். காலி வண்டியில் வெளிச்சம் 60 அடியிலேயே தரையில் விழுந்துவிடுகிறது. இருக்கட்டும், அப்போது நான் இருட்டில் வெளியே போவதில்லை.

அடுத்த நடைக்கு முன்னால் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். பாட்டிக்கு இடுப்பு தேவலை, காப்பி கொடுத்தார். அவனை மைதானத்துக்கு அழைத்து வந்து அவன் ஜீப்பில் உட்காரச் சொல்லி, எதிரே என் வண்டியை மூட்டையோடு நிறுத்தினேன். "இப்ப சரி சார்" என்றான். கொஞ்சம் யோசித்து, "என்னதையும் பார்த்துரலாமா?" என்றான். அவனுடைய வலது விளக்கு மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பிக்கப்பும் ஒரு ஜீப்பும் வரிசையில் நின்றன. ஆளுக்கொரு உயரம் என்பதால் கோடுகள் பெருகிவிட்டன. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எதை விடுவது, எதை அழிப்பது என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். வண்டி எண்களோடு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும்.