எத்தனை நாளாச்சு?

பெங்களூரு ஜீவனஹள்ளியில் பல் வைத்தியம் பார்க்கிறேன். வாய்ப்புண் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, "எத்தனை நாளாச்சு?" பதில் நாள் கணக்காக வருவது அபூர்வம். "சூட்டு உடம்பு டாக்டர். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டேன், மெடிக்கலில் பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டேன்..." குறுக்கே பேசாமல் கேட்பேன். "தீபாவளி முறுக்கு கடிக்கும்போதே எரிஞ்சுது" என்று நடுவில் ஒரு வரி வந்து விழும். எனக்கு வேண்டியது அதுதான்.

பெரும்பாலும் சாதாரணப் புண்தான். உதட்டின் உள்புறம், கன்னம், நாக்கின் அடி என்று மென்மையான இடங்களில் வரும். நடுவே மஞ்சள் படிந்த வெளுப்பு, சுற்றிலும் சிவப்பு வளையம். ஒரு செ.மீ.க்கும் சிறியதாக இருந்தால் 7 முதல் 14 நாளில் தானே ஆறிவிடும். மருந்து எரிச்சலைத் தணிக்கத்தான். மாதாமாதம் திரும்பி வந்தால் மட்டும் இரும்புச்சத்து, ஃபோலேட், பி12 மூன்றுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்வேன். பார்க்காமல் பி-காம்ப்ளெக்ஸாக விழுங்கிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரும்புச்சத்துக் குறைவுக்கு அது என்ன செய்யும்?

நான் நிதானமாகப் பார்ப்பது நாக்கின் ஓரத்தை. நுனியைப் பஞ்சுத்துணியால் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால்தான் கடைவாய்ப் பக்கம் முழுதாகத் தெரியும். புண்ணுக்கு நேர் எதிரே உடைந்த பல்லின் கூர்முனை இருக்கிறதா என்று விரலால் தடவுவேன். இருந்தால் அதைத் தேய்த்து மழுக்கிவிட்டு, இரண்டு வாரத்தில் வரச் சொல்வேன். ஆறியிருந்தால் குற்றவாளி பல்தான்.

ஆறவில்லை என்றால் விரல் மறுபடி புண்ணின் விளிம்புக்குப் போகும். சாதாரணப் புண்ணின் விளிம்பு மெத்தென்று இருக்கும்; தொட்டாலே துடிப்பார்கள். விளிம்பு தடித்துக் கல்போல அழுந்தி, வலியும் பெரிதாக இல்லை என்றால் எனக்குக் கவலை வந்துவிடும். வலிக்கவில்லையே என்றுதான் அவர்களும் மாதக்கணக்கில் விட்டிருப்பார்கள். அதிலும் வெற்றிலை பாக்கோடு புகையிலை அடக்குகிறவர் என்றால் சதைச் சோதனைக்கு அனுப்புவதை ஒருநாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன். புகையிலை சேராத தனிப் பாக்கும் ஆபத்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது.

வாயைத் திறந்து பார்ப்பதற்கு எவ்வளவு பலன் என்பதைத் திருவனந்தபுரத்தில் காட்டினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வந்தது.

ஓசூர் ரோடு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதும்போது, "சதை எடுத்தா பரவிடுமாமே?" என்பார்கள். பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, விளிம்பிலிருந்து சின்னத் துணுக்கு எடுப்பார்கள். இதை மட்டும், கூட வந்தவரையும் உட்காரவைத்து, அவசரப்படாமல் சொல்வேன். சதை எடுக்கப் பயந்து திரும்பிப் போனவர்கள் மறுபடி வரும்போது கழுத்திலும் கட்டி வந்திருக்கும்.