மண்டாயில் ஒரு பாடம்

சிங்கப்பூர் போனால் கடைத்தெருவோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளை மண்டாயிலுள்ள விலங்குத் தோட்டத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். 1973-இல் திறக்கப்பட்ட இங்கே கம்பிக் கூண்டுகள் குறைவு. பெரும்பாலும் நீர் அகழிகளும் செடிகொடிகளுமே வேலி.

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்து மாணவர்களை அழைத்துப் போனேன். அவர்கள் நகர மறுத்த இடம் ஓராங் ஊத்தான்கள் இருக்குமிடம். தலைக்கு மேலே கயிறு பிடித்து மரத்துக்கு மரம் போகின்றன! 'காட்டு மனிதன்' என்ற மலாய்ப் பெயர் எவ்வளவு பொருத்தம்!

இங்கே பெரும்புகழ் பெற்றிருந்த ஓராங் ஊத்தான் ஆ மெங். ஒரு வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு, 1971-இல் மீட்கப்பட்டது. 2008-இல் அது இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து அஞ்சலி செலுத்தினர்.

கதையைக் கேட்ட ஒரு மாணவன், "அந்த வீட்டில் நன்றாகத்தானே வளர்த்திருப்பார்கள், சார்? ஏன் பிரித்தார்கள்?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. சிறு வயதில் பால்மரக் காட்டில் பிடித்த குரங்குக் குட்டியை லயத்துத் தூணில் கட்டி வளர்த்தவன் நான். வாழைப்பழம் கொடுத்தேன், சோறும் ஊட்டினேன். அதுவோ இரவெல்லாம் தாயைத் தேடிக் கத்தியது. பத்தாம் நாள் செத்துப் போயிற்று.

அதை மாணவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். திரும்பும் வழியில் பேருந்தில் சத்தமே இல்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு விலங்குகள் மீது ஆசையா? அழைத்துப் போய்க் காட்டுங்கள். பிடித்து வந்து கட்டிப்போட விடாதீர்கள்.