சென்டரா, ஃபார்வர்டா?

காட்டுப்பள்ளியில் அந்த லீக் ஆரம்பித்தது 2023 அக்டோபரில். ஆறு பேர், ஒரு எக்செல் ஷீட். அமெரிக்க என்.பி.ஏ. வீரர்களை ஏலம் எடுத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் போடும் பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட்டை வைத்து மார்க் கூட்டுவது. பணம் கிடையாது, கடைசியில் வருபவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தரணும், அவ்வளவுதான் :-) ஆனா சண்டை என்னவோ சொத்துத் தகராறு ரேஞ்சுக்குப் போனது. காரணம் ஒரே ஆள், விக்டர் வெம்பன்யாமா.

ஷீட்டில் ஐந்து இடம், இடத்துக்கு ஒருத்தர். பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருத்தன் டென்வர் அணியின் யோகிச்சை சென்டராகவும், சான் அன்டோனியோவின் வெம்பன்யாமாவை பவர் ஃபார்வர்டாகவும் எடுத்திருந்தான். 7 அடிக்கு மேல் வளர்ந்த பையனை ஃபார்வர்டு என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனா சீசன் தொடக்கத்தில் அந்த அணி நிஜமாவே அவனை அப்படித்தான் ஆட வைத்தது. சென்டரில் நின்றவர் சாக் காலின்ஸ். டிசம்பரில் காலின்ஸ் பெஞ்சுக்குப் போனார், வெம்பன்யாமா சென்டர் ஆனான்.

இங்கே அப்போதுதான் மிக்ஜாம் புயல். கரன்ட் இல்லை, நெட் இல்லை, ஷீட்டைத் தொட ஆளில்லை. எல்லாம் திரும்பி வந்தபின், துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து ஸ்கோரைப் போனில் பார்த்துக்கொண்டே வந்த அண்ணன்தான் முதலில் பிடித்தார்.

"தம்பி, உன்கிட்ட இப்போ ரெண்டு சென்டர். ஒருத்தனை உக்கார வை."

"அண்ணே, ஏலத்தன்னிக்கு ஃபார்வர்டுன்னுதானே இருந்துச்சு?"

"இன்னிக்கு எங்க ஆடுறான்? அதச் சொல்லு."

"அப்போ யோகிச்சை கார்டு இடத்துல போட்டுக்கறேன். அந்த டீமுக்கே பாஸ் குடுக்கிறது அவன்தான்."

"பாஸ் குடுத்தா கார்டாடா? எதிர் டீம் பந்தை எடுத்துட்டு வரும்போது அவன் யாரை மறிக்கிறான், பாரு!"

அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. அந்த சீசனில் யோகிச்சின் சராசரி ஆட்டத்துக்கு 9 அசிஸ்ட். ஆனா பந்து எதிரணி கைக்குப் போனதும் அவர் போய் நிற்பது கூடைக்குக் கீழேதான்.

கிரிக்கெட்டில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. விக்கெட் கீப்பருக்கு என்றே 27-வது விதி இருக்கிறது, ஃபீல்டிங் செய்பவர்களில் கிளவுஸ் போட அனுமதி அவருக்கு மட்டும். கூடைப்பந்து விதிப் புத்தகம் களத்தில் ஐந்து பேர் என்று மட்டும் சொல்லும். யார் கார்டு, யார் சென்டர் என்பது பழக்கம், சட்டம் இல்லை. 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் கரீம் அப்துல் ஜபார் காயத்தால் வராதபோது, 20 வயசு கார்டு மேஜிக் ஜான்சன் சென்டராகப் போய் 42 பாயின்ட் எடுத்துக் கோப்பையை வென்றார். அவரை ஷீட்டில் எங்கே போடுவது?

பரோட்டாவுக்குப் போய் இவ்வளவா என்று தோன்றலாம். என்.பி.ஏ.விலேயே இது கோடிக்கணக்கில் விளையாடியது. சீசன் முடிவில் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுக்கும் சிறந்த அணிகளில் அணிக்கு இரண்டு கார்டு, இரண்டு ஃபார்வர்டு, ஒரு சென்டர் என்று கணக்கு இருந்தது. 2021-ல் ஜேசன் டேட்டம் ஃபார்வர்டு கணக்கில் வெளியே நின்றார். அவரைவிடக் குறைந்த வாக்குப் புள்ளி எடுத்த கைரி இர்விங், கார்டு என்பதால் மூன்றாம் அணிக்குள் வந்துவிட்டார். அந்த இடம் போனதால் டேட்டத்துக்கு ஒப்பந்தத்தில் 3 கோடி டாலருக்கு மேல் போச்சு. அடுத்த வருஷம் மிகச் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்த எம்பீட், இரண்டாம் அணியில். ஏன்னா முதலாவதாக வந்த யோகிச்சும் சென்டர்! கடைசியில் 2023-24 சீசனிலிருந்து இடக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். டேட்டத்துக்கு அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

களத்தில் நடப்பதைப் பார்க்கணும் என்ற அண்ணன் பேச்சு சரிதான். ஆனா ஏலம் முடிந்தபிறகு அதையே காரணம் காட்டி ஒருத்தன் எடுத்த ஆளைப் பிடுங்குவது அழுகுணி ஆட்டம். தம்பி ஏலத்தன்று ஷீட்டை நம்பித்தானே விலை சொன்னான்?

ரெண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மற்ற நாலு பேர் நடுவில் புகுந்து ஒரு வழி பண்ணினார்கள். ஏலத்தன்று இருந்த இடம் சீசன் முடியும்வரை போகாது. புது இடத்தில் ஐந்து ஆட்டம் தொடக்கத்திலிருந்து ஆடினால் அதுவும் கூடச் சேரும். அசிஸ்ட் எண்ணிக்கையை வைத்து யாரும் கார்டு ஆக முடியாது. வெம்பன்யாமா ஃபார்வர்டிலேயே இருந்தான், யோகிச் சென்டரில்.

அண்ணன் கடைசிவரை இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனா ஜனவரியில் அந்த விதியைக் காட்டித் தன் ஆளுக்கு ரெண்டாவது இடம் வாங்கிய முதல் ஆளும் அவர்தான்.