இரத்தத்தில் வந்த மீராஸ்



என் வாப்பா 51 வயதில் மாரடைப்பால் வஃபாத்தானார்கள். சாச்சா 47 வயதில். இருவரும் புகைபிடித்ததில்லை, உடல் பருத்தவர்களும் அல்லர். "அவர்களுக்கு எழுதப்பட்ட ஆயுள் அவ்வளவுதான்" என்றனர் குடும்பத்தார். ஆயுள் அல்லாஹ்வின் கையில் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட உம்மத் அல்லவா நாம்?

என் இரத்தப் பரிசோதனையில் வழக்கமான கொழுப்பு அளவுகள் சீராகவே இருந்தன. குடும்ப வரலாற்றைக் கேட்டறிந்த மருத்துவர், லிப்போபுரோட்டீன் (ஏ) என்பதையும் பார்க்கச் சொன்னார். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அது மிகுதி, எனக்கு 92. பெரும்பாலும் மரபணுவே இதைத் தீர்மானிக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டால் பெரிதாகக் குறையாது. ஆகவே வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலோருக்குப் போதும். இந்திய இதயவியல் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்யப் பரிந்துரைக்கிறது. முதல் கொழுப்புப் பரிசோதனையை 18 வயதிலேயே செய்துகொள்ளச் சொல்கிறது.

"குறைக்க இயலாததை அறிந்து என்ன பயன், காக்கா?" என்று தம்பி கேட்டார். கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் குறைக்க இயலுமே! அபாயம் மிகுந்தவர் அவற்றை இன்னும் கண்டிப்புடன் கட்டுக்குள் வைக்க வேண்டும். அதற்காகவே நான் மாத்திரை உட்கொள்கிறேன், நாள்தோறும் நடக்கிறேன்.

சொத்தைப் பங்கிடும்போது வாரிசுகள் அனைவரையும் அழைத்து அமர்த்துகிறோம். இரத்தத்தில் வந்த பங்கையும் உடன்பிறந்தோரிடமும் பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்வது நம் மீதுள்ள கடமை. வரும் சனிக்கிழமை தம்பியும் பரிசோதனைக்குச் செல்கிறார், இன்ஷா அல்லாஹ்.